பின் வீலுக்குப் பாரம்

நோர்வூட் பஜாரில் சுந்தரலிங்கம் கடை எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைக் காட்டும். அரிசி, மா, பருப்பு, டின் மீன் எல்லாம் சில்லறைக்கும் மொத்தத்துக்கும் விற்கிற கடை. மலைமேல் தோட்டங்களில் தொழிலாளர் லயத்துக்கு நடுவே இருக்கும் சின்னக் கடைகளுக்கும் இங்கிருந்துதான் சரக்கு போகும். கல்லாவில் சுந்தரலிங்கம் உட்காருவார். பின்னாலுள்ள சரக்கறை அவர் மனைவி தனலெட்சுமியின் பொறுப்பு.

தனலெட்சுமி எதையும் லேசில் நம்புகிறவள் இல்லை. பருப்பு மூட்டை வந்தால் மேலாகக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் போகமாட்டாள், முழங்கை வரை உள்ளே விட்டு அடியில் கிடப்பதை அள்ளிப் பார்ப்பாள். அதற்காகவே அவளிடம் ஏமாற்ற வருகிறவர்கள் குறைவு. அப்படிப்பட்டவள் மார்கழி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், திரும்பி வந்த லொறியைப் பார்த்துக் கதவருகில் அப்படியே நின்றுவிட்டாள்.

காலையில் சரக்கோடு மேலே போகிற லொறி வெறுமனேதான் திரும்பி வர வேண்டும். ஆனால் இந்த லொறியின் பின்பக்கம் டயரோடு அமுங்கி இருந்தது. சரக்கை மூடும் படங்குத் துணி நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. ஓட்டி வந்த அழகுமுத்து அதை நேரே பின்முற்றத்துக் கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி, கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்தான். அவன் அந்தக் கடையில் பதினைந்து வருஷத்து டிரைவர். தனலெட்சுமியைவிட மூத்தவன்.

"என்ன அண்ணே, மேல இருந்து மூட்டை வருது?"

"ஜல்லிம்மா."

"ஜல்லியா?"

"பாரத்துக்கும்மா. நம்ம லொறிக்குப் பின் வீல் மட்டுந்தானே இழுக்குது. வெறும் வண்டியா வந்தா பின்னால கனம் இருக்காது. இந்த மழையில களிமண்ணுல வீல் சும்மா சுத்தும், வண்டி நகராது. வளைவுல பின்பக்கம் தனியா வீசிரும். மூட்டை ரெண்டு கெடந்தா மண்ண அமுக்கிப் பிடிச்சிக்கும்."

சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ மழை விடுற வரைக்கும் கெப்ப எடுத்துட்டுப் போகலாமே? அதுக்கு நாலு வீலும் இழுக்குதே."

"அது மொதலாளி சொல்லணும்மா" என்றுவிட்டு அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

தீபாவளிக்கு முன்னால்தான் சுந்தரலிங்கம், பின்னால் திறந்த தட்டு வைத்த அந்த கெப் வண்டியை வாங்கியிருந்தார். கடைக்கு இல்லை, அவளுக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். அவளுக்கு ஓட்டத் தெரியும். பழைய காரை அட்டன் வரைக்கும் அவளே ஓட்டிப் போவாள். மலைக்கு மேலே என்றால் மட்டும் லொறியில் ஏறிப் போவாள். "இறம்பொடைக் கோயிலுக்குப் போகணும்னு எத்தன வருஷமா சொல்ற. இனி மழை, பனின்னு யோசிக்க வேணாம்" என்று அவர் சாவியைக் கையில் கொடுத்தபோது, தனக்காக இவ்வளவு யோசித்தாரா என்று அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, தோட்டத்து மேல் டிவிசனுக்கு லொறி வேணாமே. கெப் போகட்டும். ரோட்டு வழுக்குது."

சுந்தரலிங்கம் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "அது சரக்கு ஏத்துற வண்டியா? சேத்துல போட்டு நாசமாக்கவா வாங்குனேன்?"

"லொறி சறுக்குதாம். ஜல்லி மூட்டை போட்டுத்தான் கொண்டாறாராம்."

"அழகுமுத்துக்குத் தெரியாத ரோட்டா? நீ ஒன் வேலையப் பாரு, தனம்."

அவர் அப்படி வெடுக்கென்று பேசுகிற ஆள் இல்லை. ஒரு டின் மீன் நசுங்கி வந்தால்கூட எங்கே, எப்படி, யார் போட்டது என்று குடைந்தெடுக்கிற மனிதர். தன் லொறியில் யாரோ ஜல்லி ஏற்றி வருகிறார்கள் என்று கேட்டும், யார் கொடுத்த ஜல்லி, அதை எங்கே கொட்டுகிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனலெட்சுமி தூக்கம் வராமல் படுத்திருந்தாள். டிரைவர் ஏதோ செய்கிறான், அவரை நன்றாக ஏமாற்றி வைத்திருக்கிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அடுத்த முறை லொறி மேலே போன அன்று, சுந்தரலிங்கம் மொத்தக் கொள்முதலுக்காக அட்டனுக்கு பஸ் ஏறினார். அவர் போன கையோடு தனலெட்சுமி கடைப் பையனிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு கெப்பை வெளியே எடுத்தாள்.

தார் ரோடு முடிந்து தோட்டத்து ரோடு தொடங்குமிடத்தில் மூடுபனி ஆளை மறைத்தது. தூறல் விடவே இல்லை. லொறி போன தடம் சிவந்த களியில் ஆழமாகப் பதிந்து கிடந்தது. மூன்றாவது வளைவில் அந்தத் தடம் ரோட்டுக்குக் குறுக்கே வீசி, தேயிலைச் செடி வரை போய்த் திரும்பியிருந்தது. அழகுமுத்து சரக்கோடு ஏறும்போதே லொறியின் பின்பக்கம் விலகியிருக்கிறது. அதே வளைவில் கெப் முனகக்கூட இல்லை. முன் வீல் இழுக்க, பின் வீல் தள்ள, ஏதோ காய்ந்த ரோட்டில் போவது போல ஏறியது. அவளுக்குத் துணிச்சல் வந்தது. கொஞ்சம் வேகமாகவே ஓட்டினாள்.

துணிச்சல் அடுத்த இறக்கம் வரைக்குந்தான். கீழே பாலம் தெரிந்ததும் பிரேக்கை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. நாலு டயரும் இறுகி, எண்ணெயில் வழுக்குவது போலச் சறுக்கிக்கொண்டே போனது. காலை எடுத்துவிட்டு, கியரைக் குறைத்து, பாலத்துக் கட்டைக்கு ஒரு முழம் இருக்கும்போதுதான் வண்டியை அடக்கினாள். ஏறுகிறபோது கெப் லொறியைவிட எவ்வளவோ மேல். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது.

பாலத்து முனையில் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். இப்போது தான் இறங்கி வந்த சரிவு, பஜாருக்குத் திரும்புகிற வண்டிக்கு ஏற்றம். செங்குத்தான ஏற்றம். வெறும் லொறியால் இதில் ஏற முடியாதுதான். அழகுமுத்து சொன்னது பொய் இல்லை. பதினைந்து வருஷம் சம்பளத்துக்கு மாரடித்த மனிதனைத் திருடன் போலத் துரத்தி வந்திருக்கிறோமே என்று அவளுக்குக் கூசியது. அகலமான இடம் பார்த்துத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, எதிரே பனிக்குள்ளிருந்து லொறியின் விளக்கு தெரிந்தது. அவள் கெப்பை ஓரமாக ஒதுக்கினாள்.

கண்ணாடியில் பனி படர்ந்திருந்ததால் அழகுமுத்து அவளைக் கவனிக்கவில்லை. பாலத்தைக் கடந்து ஏற்றத்தைப் பிடித்தான். பாதி தூரம் போனதும் பின் வீல் சுழலத் தொடங்கியது. சேறு தெறித்தது. லொறி ஒரு பக்கமாக நழுவி, ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் பின் டயரை இறக்கிவிட்டு நின்றது.

தனலெட்சுமி குடையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள். அவளைக் கண்டதும் அழகுமுத்துவின் முகம் வெளிறியது.

"அம்மா, நீங்க எப்படி இங்க?"

"சும்மா வந்தேன். கயிறு இருக்கா அண்ணே? கெப்புல கட்டி இழுத்துருவோம்."

"வேணாம்மா, நான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

"எப்படிப் பாப்பீங்க? பாரம் போட்டும் ஏறலையே. மூட்டைய எறக்கி கெப்புல போடுவோம்."

"மூட்டையத் தொடாதீங்கம்மா!"

அவன் கத்தியதில் அவனே பயந்துவிட்டான். சற்று முன் தணிந்த சந்தேகம் மறுபடி அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. ஜல்லிக்கா இந்தப் பதற்றம்? அவள் கெப்பை ஓட்டி லொறிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். கயிற்றைத் தானே கட்டினாள். அவனுக்கு ஸ்டியரிங்கில் ஏறி உட்காருவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கெப்பின் நாலு வீலும் மண்ணைக் கவ்வின. கயிறு விறைத்தது. லொறி ஒரு உலுக்கலோடு கானிலிருந்து மேலே ஏறியது. அந்த உலுக்கலில் படங்கின் முடிச்சு அவிழ்ந்து, மேலே கிடந்த மூட்டை சரிந்து, அதற்கடியில் இருந்தது ரோட்டில் விழுந்து வாய் பிளந்தது. தனலெட்சுமி இறங்கி வருவதற்குள்ளேயே வாசம் அவளிடம் வந்துவிட்டது. சூடு ஆறாத, புதுத் தேயிலைத் தூளின் வாசம். சிவந்த சேற்றில் கறுப்பாகக் கொட்டிக் கிடந்தது. மேலே இரண்டு மூட்டை ஜல்லி. அடியில் இருந்த அத்தனையும் தோட்டத்து ஃபெக்டரித் தூள்.

"எத்தன நாளா திருடுறீங்க?" என்றாள்.

அழகுமுத்து மழையில் நனைந்துகொண்டு நின்றான். "நான் திருடலம்மா. ஃபெக்டரிக் காவக்காரன் ஏத்தி விடுறான், நான் கொண்டாறேன். கொட்டகையில போடுறதோட என் வேல முடிஞ்சிது."

"எங்க கொட்டகையில. எங்க வீட்டுக்குத் தெரியாம."

அவன் தலையைக் குனிந்தான். "மொதலாளிக்குத் தெரியும்மா. அவரு சொல்லித்தான்."

தனலெட்சுமி அவன் முகத்தையே பார்த்தாள். பருப்பு மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பது போல அந்த முகத்தில் தேடினாள். பொய் அகப்படவில்லை. கெப் எதற்கு வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுக்கென்று தனி வண்டி இருந்தால் அவள் லொறியில் ஏறமாட்டாள், லொறி எங்கே போகிறது என்று கேட்கமாட்டாள். கோயில், குளம் என்று போய் வந்துகொண்டிருப்பாள். அழுகிற இடம் அது இல்லை.

"வண்டியத் திருப்புங்க அண்ணே."

"எங்கம்மா?"

"எங்க ஏத்துனீங்களோ அங்க."

"மாட்டிக்குவோம்மா!"

"கொண்டு போகும்போது மாட்டாதவங்க, கொண்டாந்து வைக்கும்போது மாட்டிக்குவோமா? நான் முன்னால போறேன். எனக்குப் பின்னால வாங்க."

ஃபெக்டரியின் பின்வேலிக்கு அருகில் இரண்டு வண்டியும் நின்றன. காவல்காரன் அவளைக் கண்டதும் ஓடப் பார்த்தான். அவன் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. "எறக்கி உள்ள வை" என்றாள். கிழிந்த மூட்டையில் மிஞ்சியதையும் சேர்த்து வைக்கச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனான்.

சுந்தரலிங்கம் திரும்பி வந்தபோது பொழுது சாயவில்லை. முற்றத்தில் நின்ற கெப்பைப் பார்த்தார். கதவு வரை சேறு.

"எங்க போன?"

"மேல் டிவிசனுக்கு."

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, "ரோட்டு எப்படி இருக்கு?" என்றார்.

"கெப் நல்லா ஏறுதுங்க. எறக்கத்துலதான் பாத்துப் போகணும்." அவள் அவர் கண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "லொறி கான்ல எறங்கிருச்சி. தூள் மூட்டையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்."

அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"யாராவது பாத்தாங்களா?"

அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு இவரைப் பார்க்கத் தெரியவில்லை.

"நான் பாத்தேன்" என்றாள். "இனிமே மேல் டிவிசனுக்கு நான்தான் சரக்குக் கொண்டு போவேன். கெப்புல. லொறிய பஜார் வேலைக்கு வச்சிக்குங்க. அழகுமுத்து அண்ணன் இங்கயே இருக்கட்டும். அவர வெரட்டுனீங்கன்னா நான் ஃபெக்டரித் துரையப் பாக்கப் போவேன்."

அவர் உள்ளே போனார். அன்றும் மறுநாளும் இருவரும் சாப்பாட்டைப் பற்றிக்கூடப் பேசிக்கொள்ளவில்லை. அவள் சொன்னபடியே செய்தாள். மூன்று வாரம் மழையிலும் பனியிலும் கெப்பில் சரக்கு ஏற்றிப் போனாள். இறக்கத்தில் முதல் கியரில் ஊர்ந்து போகப் பழகிக்கொண்டாள். மேலே கடைக்காரர்கள் ஆச்சரியப்பட்டார்கள். சிலர் அவளை வேறு மாதிரிப் பார்த்தார்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தை பிறந்து ஒரு காலையில் அவள் வண்டியைக் கிளப்பும்போது சுந்தரலிங்கம் வெளியே வந்தார். சவரம் செய்து, ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"நானும் கூட வரவா, தனம்? தனியாத்தானே போற. மூட்டைய எறக்கக் கை வேணுமில்ல."

குரல் தணிவாகத்தான் இருந்தது. மனம் திருந்தி வருகிறாரா, அவள் யாரோடு பேசுகிறாள் என்று பார்க்க வருகிறாரா, அந்தக் காவல்காரனுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா? தனலெட்சுமி அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"ஏறுங்க" என்றாள்.

அவர் ஏறிக் கதவைச் சாத்திய பிறகும் உடனே வண்டியை எடுக்காமல், பாலத்து இறக்கத்தை நினைத்து, அவருடைய கைகள் எங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.