ஜெயசீலி கண்டுபிடித்த இரண்டு மணி நேரம்

1931ஆம் வருஷம், ஆம்பூர். காலை எட்டரை மணிக்கு ஜெயசீலி மூன்றாவது குடத்தோடு கிணற்றடியில் நின்றிருந்தாள். முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். வீட்டில் உலை வைக்கவில்லை. முந்தானையில் ஒரு கடிதத்தை முடிந்து வைத்திருந்தாள்.

அவள் படித்த மிஷன் பள்ளியிலிருந்து வந்த கடிதம் அது. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள் எட்டாம் வகுப்புப் பரீட்சையில் தேறினால் உதவி ஆசிரியை வேலை உண்டு, பரீட்சை வேலூரில், இன்னும் நாற்பது நாளில் என்றிருந்தது. போன வருஷமும் இதே கடிதம் வந்தது. நாளைக்குப் படிக்கலாம், நாளைக்குப் படிக்கலாம் என்று இருந்தே அந்தத் தேதியைத் தவறவிட்டிருந்தாள்.

மாலையில் புருஷன் ஏசுராஜ் தோல் பதனிடும் கிடங்கிலிருந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லதுதான். ஆனா உனுக்கு நேரம் எங்க இருக்குது?" என்றான் அவன். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நினைத்தான். சொல்லிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வழக்கம்போல் காப்பிக் கடைக்குப் போய்விட்டான்.

'எங்க இருக்குது?' அந்தக் கேள்வி ஜெயசீலியை விடவில்லை. மறுநாள் காலையில் ஒரு கரித்துண்டை எடுத்து, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று சமையலறைச் சுவரில் எழுத ஆரம்பித்தாள். வீட்டில் கடிகாரம் இல்லை. பள்ளிக்கூட மணி, கிடங்கு மணி, ரயில் போகும் சத்தம் இவற்றைக் கொண்டே கணக்கிட்டாள்.

மூன்று நாளில் சுவர் நிறைந்தது. தண்ணீருக்கு மட்டும் இரண்டரை மணி நேரம். அதில் நடந்தது கொஞ்சம், நின்றதுதான் அதிகம். உப்புக்கு ஒரு தடவை, புளிக்கு ஒரு தடவை என்று கடைக்கு நாலு நடை. ஈர விறகை ஊதி ஊதி அரைமணி. அவள் ஒரு நாளும் சும்மா உட்காரவில்லை. ஆனாலும் நாள் துளித்துளியாக ஒழுகிப் போயிருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

நேரே பக்கத்து வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அங்கே இருந்த முனவ்வர் பேகம் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருப்பவள், கிணற்றுக்குப் போவதில்லை. அவள் புருஷன் வந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்வரை அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

"பீபிம்மா, விடியக்காலம் போனா கிணத்துல ஆளே இல்ல. முக்கா மணியில ரெண்டு வீட்டுக்கும் நானே தண்ணி எடுத்தாந்துடுவேன். பத்துலேந்து பன்னெண்டு வரைக்கும் என் பசங்களப் பாத்துக்கிறீங்களா?"

"தண்ணிக்கு இன்னா பண்றதுன்னு நானே தினம் பேஜாராவறேன்," என்று முனவ்வர் பேகம் சிரித்தாள். "பசங்கள அனுப்பும்மா. நீ போயி புஸ்தகத்த எடு."

கடைக்கு வாரத்தில் ஒரு நடை என்று வைத்துக்கொண்டாள். விறகை முதல் நாளே வெயிலில் காயவைத்தாள். பத்திலிருந்து பன்னிரண்டு வரை புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொடவில்லை. முதல் நாள் பின்னக் கணக்கு ஒன்றுகூட வரவில்லை. பத்தாம் நாள் பத்தில் எட்டு வந்தது. தனியாக இருந்த வீட்டில் கைதட்டிக்கொண்டாள்.

ஆனால் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது இலக்கணமும் பூகோளமும் அப்படியே கிடந்தன. இரண்டு மணி நேரம் போதவில்லை.

அன்று மாலை தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்த ஏசுராஜ் சுவரைப் பார்த்தான்.

"இது இன்னா?"

"நம்ம வீட்டு நேரம்."

மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றான். "காப்பிக் கடை, ரெண்டு மணின்னு போட்டிருக்க. அது என்னோடதாச்சே?"

"அதுவும் நம்ம வீட்டு நேரந்தானே," என்றாள் ஜெயசீலி.

ஏசுராஜ் மறுபடி சுவரைப் பார்த்தான். அந்த வரிக்கு மேலே இருந்தவை எல்லாம் அவள் வேலைகள். ஒன்றைக்கூட அவன் இதுவரை வேலை என்று எண்ணிப் பார்த்ததில்லை. காப்பிக் கடைக்குப் போட எடுத்திருந்த சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டான்.

"பசங்களக் குளிப்பாட்டி சோறு போடறது இனிமே என் பாடு. நீ போய்ப் படி."

பரீட்சை நாளன்று பிள்ளைகள் முனவ்வர் பேகத்திடம் இருந்தார்கள். ரயிலுக்கு அரைமணி முன்பே ஜெயசீலியும் ஏசுராஜும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். வேலூரில் கேள்வித்தாளைப் பிரித்ததும் முதல் கேள்வியே பின்னக் கணக்கு. ஜெயசீலியின் பேனா ஓடியது. மணியடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே எழுதி முடித்து, ஒரு தடவை சரியும் பார்த்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துத் தபால் வந்தது. அதைப் படித்த நிமிஷமே கொல்லைக்கு ஓடினாள்.

"பீபிம்மா, பாஸாயிட்டேன்."

முனவ்வர் பேகம் மாவுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். "நாம பாஸாயிட்டோம்னு சொல்லு."

மறுநாள் கிடங்கில் கூடவே வேலை செய்யும் கன்னியப்பன் ஏசுராஜிடம் சொன்னான்: "உன் வீட்டம்மா கெட்டிக்காரி. எங்க வீட்லயும்தான் ஒருத்தி இருக்கா, தையல் கத்துக்கணும்னு ரெண்டு வருசமா சொல்றா. அவளுக்கு எங்க நேரம்?"

"நானும் அப்படித்தான் கேட்டேன்," என்றான் ஏசுராஜ். "நேரம் இல்லாம இல்ல, கன்னியப்பா. எதுக்கு எவ்ளோ போவுதுன்னு நாம பாக்கறதே இல்ல. வீட்டு வேலை பூரா ஒருத்தி தலைல வச்சிட்டு, அவளுக்கு நேரமில்லன்னு நாமளே தீர்ப்பும் சொல்லிடறோம். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவ ஒரு நாள்ல இன்னா இன்னா செய்யறான்னு கேட்டு எழுதிப் பாரு. அதுல பாதிய நீ எடுத்துக்க. நேரம் தானா வந்து நிக்கும்."