பச்சை பெயின்ட்

கார் இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வைத்த மீட்டர் பதினான்கு வோல்ட் காட்ட வேண்டும். அதுவோ பன்னிரண்டைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. பெயின்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேட்டரி புதுசு. அதற்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரும் புதுசு. எல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

"இன்னும் மிதிக்கட்டுமா மாமா?" ஸ்டியரிங் முன்னால் இருந்த மச்சான் கேட்டான்.

"மிதிச்சு மிதிச்சு பெட்ரோல்தான் காலி. சும்மா இருடா!"

கடைசியில் ஒரு தடித்த ஒயரால் பேட்டரியின் மைனஸையும் ஆல்டர்னேட்டரின் உடம்பையும் நேராக இணைத்தார். மீட்டர் சட்டென்று பதினான்கைத் தொட்டது. அப்படியென்றால், ஆல்டர்னேட்டர் உட்கார்ந்திருக்கும் இரும்புச் சட்டத்தில்தான் கரண்ட் தடைபடுகிறது. இஞ்சினை நிறுத்தி, போல்ட்டைக் கழற்றிப் பார்த்தார். சட்டம் முழுக்கப் பளபளவென்று, கரண்டை விடாத பச்சை பெயின்ட். போன மாதம் பெல்ட் மாற்றியபோது, துருப்பிடிக்கக் கூடாதென்று, வீட்டு வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சியதை அவரே இரண்டு கோட்டிங் அடித்திருந்தார்.

உப்புத்தாளால் பெயின்டைத் தேய்த்தார். இரும்பு வெள்ளையாய்ப் பல்லைக் காட்டியது. கை தானாகப் பெயின்ட் டப்பாவைத் தேடியது.

"அது எங்கிட்ட இருக்கு. நீங்க போல்ட்டை முடுக்குங்க," என்றாள் பின்னால் நின்ற மனைவி.