பலகை அடித்த ஜன்னல்

"பாத்தியா பிள்ளே, களியக்காவிளை பார்டர் தாண்டினதும் இருமல் நின்னு போச்சு. நம்ம ஊர்க் காத்து அப்பிடி." போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகையில் பஸ்ஸில் வைத்து அஜின் சொன்னான்.

"காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்க அம்மைக்க மீன்கொழம்ப நெனச்சதும் ஒங்களுக்கு எல்லா சீக்கும் மாறிரும்" என்று அவன் மனைவி பிரேமா சிரித்தாள்.

அன்று அப்படிச் சிரித்ததற்கு இப்போது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

எல்லைக்கு அப்பால், மலையாளம் பேசும் பழவங்காடியின் பின்சந்தில் அவர்கள் வேலை பார்த்த பேக்கரியில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். அஜின் மைதா மூட்டையைத் தோளில் சுமந்து வந்து மெஷினில் கவிழ்ப்பான். காலிச் சாக்கை அவனும் கூட வேலை செய்யும் இளைஞன் லிபியும் ஆளுக்கொரு முனை பிடித்து உதற வேண்டும். ஒரு பிடி மாவும் வீணாகக் கூடாது என்பது முதலாளி மஹேஷின் கட்டளை. உதறிய மாவில் பாதி அறையில்தான் மிதக்கும். அந்த வெண்புகைக்குள் நின்றுதான் பிரேமாவும் வயதில் மூத்த எலிசாளும் மாவு உருட்டினார்கள். புருவம் நரைக்கும். வியர்வையில் மாவு பசையாகிக் கழுத்தில் காயும். முன்பெல்லாம் ஜன்னல் வழியே கொஞ்சம் வெளியேறும். கண்ணாடி போட்ட கேக் ஷோரூம் வந்த பிறகு, வாடிக்கையாளர்களின் கார்மேல் மாவு படிகிறதென்று மஹேஷ் ஜன்னலில் பலகை வைத்து ஆணியடித்துவிட்டார்.

அதைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமென்று பிரேமா மாதக்கணக்காக நினைத்தாள். குடியிருக்கும் மாடி அறையும் முதலாளியுடையது. வாயைத் திறந்தால் வேலையும் போகும், கூரையும் போகும். 

இன்று விடியலில் சாக்கை உதறிக்கொண்டிருந்த அஜின் சட்டென்று குனிந்து மேஜையைப் பிடித்தான். தோள் இரண்டும் காதை முட்டுவதுபோல் ஏறி இறங்கின. மூச்சை வெளியே விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு விசில்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும்... இல்ல... பிள்ளே..."

சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தது. உதடு நீலம் பாரித்தது. லிபி ஆட்டோவுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் ஆவி மருந்து வைத்தார்கள். அவன் சட்டையில் அப்பியிருந்த மாவைப் பார்த்தபடி நர்ஸ் ஜிஷா கேட்டாள்: "எத்தனை நாளா இந்த விசில் சத்தம், சேச்சி?"

"ஒரு வருஷமாட்டு உண்டு. சளின்னு நெனச்சோம். வெடியக்காலம்தான் இருமல் கூடும்."

"லீவில் நாட்டில், சொந்த ஊரில் போனா குறையுமோ?"

"அடியோட மாறிரும். ஊர்க் காத்து..."

"காத்து இல்ல சேச்சி. அங்க மாவுப்பொடி இல்லல்லோ! இது ஆஸ்துமா. பேச்சு முறிஞ்சா, உதடு நிறம் மாறினா, ஒரு நிமிஷமும் தாமசிக்காம கொண்டு வரணும்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். அஜினுக்கு மூச்சு சீரானது. அவனை வார்டில் விட்டுவிட்டு பிரேமா பேக்கரிக்கு நடந்தாள். ஒரு வருஷம்! மாவு அவன் மூச்சைத் தின்ன, ஊர்க்காற்றைப் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

"எலிசாளக்கா, வெடியக்காலம் ஒங்களுக்கு நெஞ்சு அடைக்குமா?"

"அடைக்கும் பிள்ளே. பிராயமாச்சில்லா."

"ஊருக்குப் போனா?"

மாவுக்குள் இருந்த எலிசாளின் கை நின்றது. "மாறிரும்" என்றாள் மெல்ல.

"எனக்கும் விசில் உண்டு" என்றான் லிபி. "பெண்ணு தரமாட்டாங்கன்னு வெளிய சொல்லல்ல."

"எந்தா இங்க மீட்டிங்?" மஹேஷ் வாசலில் நின்றார். "அவன் பீடி வலிச்சிருப்பான்."

"அவரு பீடியத் தொட்டதில்ல. மாவுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரு."

"பின்ன, மாவில்லாம பேக்கரி நடத்தவா? சீக்குக்காரனுக்கு இங்க பணி இல்ல. ரூமையும் ஒழிச்சுத் தரணும்."

எலிசாள் ஏப்ரனை அவிழ்த்து மேஜையில் போட்டாள். "அப்ப எனக்க சாமானையும் கட்டுறேன். எனக்கும் அதே சீக்குதான்."

லிபி மெஷினை அணைத்தான். "எனக்கும். காரு வெளுத்தா மொதலாளிக்குப் பொறுக்காது. எங்க ஈரக்குல வெளுத்தா?"

"லேய், மெஷின ஆன் செய்யடா! ஆர்டர் கெடக்கு!"

லிபியும் தன் ஏப்ரனை அவிழ்த்தான்.

"வேற ஆள் கிட்டும்" என்றார் மஹேஷ்.

"கிட்டும்" என்றாள் பிரேமா. "அவங்களுக்கும் இதே விசில் வரும்."

 அவளுக்கு ஒருபுறம் எலிசாளும் மறுபுறம் லிபியும் வந்து நின்றார்கள். பிரேமா முதலாளியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மொதலாளி, அந்த ஜன்னலத் தொறக்கணும்."