நாளைக்குச் செய்யப்போகும் பாவம்

அரியலூரில் ஏறிய பஸ் கல்லங்குறிச்சிக்கு வந்ததும் நின்றேவிட்டது. பெருமாள் கோயில் திருவிழாக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரனை அழுத்தி அழுத்திப் பார்த்தார், ஒருத்தரும் அசையவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அடைக்கலமேரி தலையை வெளியே நீட்டினாள். புளியமரங்களுக்கு மேலே ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

வயது இருபத்தேழு, பெரம்பலூரில் டீச்சர் வேலை, மூக்குக்கண்ணாடி வேறு. இத்தனை இருந்தும் அவள் இருக்கையிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள். நல்லவேளை, பக்கத்தில் அம்மா சவரியம்மாள் கண்ணை மூடிச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. மகளோடு ஒரு வாரம் பெரம்பலூரில் இருந்தவளை, திருநாளுக்குச் சொந்த ஊரான சூசையபுரத்துக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்தாள் அடைக்கலம்.

பதினோரு வருடங்களுக்கு முன், 1974இல், இதேபோல் குருத்தோலை ஞாயிற்றுக்கு முதல் நாள் இதே இடத்தில் நடந்த ஒன்றை அவள் இன்றுவரை அம்மாவிடம் சொன்னதில்லை. சொல்லும் தைரியமும் வந்ததில்லை.

சூசையபுரத்தில் பெண்ணாகப் பிறந்தவள், எது பாவம் என்று கேட்பதைவிட எது பாவமில்லை என்று கேட்டுக்கொள்வது சுலபம். சினிமா பாவம். ரோட்டில் சத்தமாகச் சிரிப்பது பாவம். கண்ணாடி முன் கொஞ்சம் கூடுதலாக நின்றால் அதுவும் பாவம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவசுக்காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தலையில் பூ கிடையாது, சட்டியில் கறி கிடையாது, ஊரில் இருந்த நாலைந்து ரேடியோக்களும் துணி போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். மாதா சபைப் பெண்கள் கழுத்தில் நீல ரிப்பனில் மாதா உருவம் பொறித்த சுரூபம் தொங்கும். தப்புச் செய்தவளின் ரிப்பனை மிக்கேல் உபதேசியார் பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் கழற்றி வாங்கிக்கொள்வார். கோயில் காரியமும் ஊர்ப் பெண்களின் நடத்தையும் அவர் கக்கத்துக் குடை மாதிரி. இரண்டையும் அவர் எங்கும் விட்டுவிட்டுப் போனதில்லை.

அப்பா இல்லாத வீடு. சவரியம்மாள் கடலைக்கொல்லைகளில் கூலிக்குப் போய் மகளை அரியலூரில் படிக்கவைத்தாள். பஸ் ஏற்றிவிட்ட முதல் நாளே சொல்லிவிட்டாள்: “ஒன்னப் பத்தி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்காதுல விழுந்துச்சோ, அன்னையோட படிப்பு நிறுத்தம். அடுத்த வைகாசியில கல்யாணம்.” அம்மா சொன்ன சொல்லை மாற்றி அடைக்கலம் பார்த்ததே இல்லை.

அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் யார் வந்து உட்கார வேண்டும்? கல்லங்குறிச்சிப் பாப்பாத்தி! தலை நிறையக் கனகாம்பரம், வாய் நிறையப் பேச்சு.

“எங்க ஊருத் திருவிழாவுக்கு இந்த வருசம் இன்ஜின் வச்ச ராட்டினம் வந்துருக்கு அடைக்கலம். மேல போனா ஒங்க மாதா கோயிலு கோபுரமே தெரியுதாம். சனிக்கெழம ஸ்பெஷல் கிளாஸ் மத்தியானத்தோட முடிஞ்சுரும். வாயேன்!”

அன்றிலிருந்து அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. கணக்குப் பாடத்தில் வட்டம் போட்டால் ராட்டினம், கிணற்றில் உருளை சுற்றினால் ராட்டினம். பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் போவது ஒரு பாவம், தவசுக்காலத்தில் கேளிக்கை இன்னொரு பாவம், அம்மாவிடம் பொய் மூன்றாவது. மூன்றும் அவளுக்குத் தெரியும். இருந்தும் ஏறியே ஆகவேண்டும் போலிருந்தது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஞாயிற்றுக்கிழமையில். பூசையில் நன்மை என்னும் நற்கருணை அப்பம் வாங்க ஊரே எழுந்து பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதிக்குப் போகும்போது ஒரு பெண் மட்டும் உட்கார்ந்திருந்தால் போதும், இவள் என்னவோ செய்திருக்கிறாள் என்று முன்வரிசை முதல் பின்வரிசை வரை முணுமுணுப்பு ஓடும். அம்மா வீடு வரைக்கும் காத்திருக்கமாட்டாள். சரி, பாவத்தோடேயே போய் நாக்கை நீட்டிவிடலாம் என்றால், அப்படி வாங்கிய ஒருத்தி கிராதியிலேயே விழுந்து செத்தாள் என்று உபதேசியார் ஞானோபதேச வகுப்பில் கை காலெல்லாம் இழுத்துக் காட்டியிருந்தார். செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பங்குச் சாமியார் அதைக் கேட்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம், சிலுவைப்பாதை முடிந்ததும். சனிக்கிழமை கிளைக் கோயில்களுக்குப் போய்விடுவார். ராட்டினமோ சனிக்கிழமை.

யோசித்து யோசித்துப் பார்த்ததில் அடைக்கலத்துக்கு ஒரே வழிதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை போய் மண்டியிட்டாள். வழக்கமான அற்பப் பாவங்களை மளமளவென்று ஒப்பித்துவிட்டு, மூச்சை இழுத்துப்பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“நாளைக்கு ராட்டினம் ஏறப்போறேன் சாமி.”

சல்லடைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. “நாளைக்கா?”

“ஆமாங்க சாமி. பெருமா கோயில் திருவிழாவுல. ஸ்பெஷல் கிளாஸ் சாயங்காலம் வரைக்கும்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டுப் போவப்போறேன். அதையும் சேத்துக்குங்க.”

“அடியே, செஞ்ச பாவத்தத்தான் சொல்லணும். செய்யப்போறதையெல்லாம் சொல்லக் கூடாது.”

“செஞ்சப்புறம் சொல்ல நீங்க இருக்கமாட்டீங்களே சாமி? ஞாயித்துக்கெழம நன்ம வாங்கலைன்னா அம்மா கண்டுபுடிச்சுரும். படிப்பு போயிரும் சாமி.”

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு சாமியார் கேட்டார்: “மனஸ்தாபம் இருக்கா? பாவத்துக்காக மனசு வருந்துதா?”

அடைக்கலம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பொய் சொல்லும் இடமா அது! “இப்போதைக்கு சந்தோசமாத்தான் இருக்கு சாமி. மனஸ்தாபம் நாளைக்கு வந்துரும்.”

சாமியாருக்கு இருமல் வந்துவிட்டது. நெடுநேரம் இருமினார். இருமி முடித்து, “மத்ததுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு. இதுக்குக் கெடையாது. போகாதே, அவ்வளவுதான். எந்திரிச்சுப் போ,” என்றார்.

போகாதே என்றால் போகாமல் இருக்கிற வயதா அது? மறுநாள் மத்தியானம் பாப்பாத்தி கையைப் பிடித்துக்கொண்டு கல்லங்குறிச்சிக் கூட்டத்துக்குள் புகுந்தபோது, அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாதஸ்வரம், பொரிகடலை வாசனை, வளையல் கடை, பலூன்காரனின் பீப்பீ. எதையும் அவள் நின்று பார்க்கவில்லை. நேரே ராட்டினம்! பெட்டிக்குள் உட்கார்ந்ததும் ஆள் வந்து குறுக்குக் கம்பியை மாட்டினான். இன்ஜின் டுப்பு டுப்பு என்று உறுமியது.

மேலே போனது பாருங்கள்! ஊரே கீழே கழன்று விழுந்துவிட்டது. கோயில் தேர், கடைகளின் கூரை, கடலைக்கொல்லை, அதற்கப்பால் சாலை, அதற்கும் அப்பால், ஆமாம், சூசையபுரத்து மாதா கோயில் கோபுரம், விரல் நுனியளவு வெள்ளையாக! அந்தக் கோபுரத்தை அவள் அதுவரை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள். “பாப்பாத்தி, தெரியுதுடி! எங்க கோயிலு தெரியுதுடி!” என்று கத்தினாள். இறங்கும்போது வயிறு மேலேயே தங்கிவிட்டது. “சேசு மரி சூசையே!” என்று அவள் போட்ட கூச்சலில் கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். தொண்டை வலிக்கச் சிரித்தாள். அப்படிச் சிரிக்கத் தன்னால் முடியும் என்பதே அவளுக்கு அன்றுவரை தெரியாது.

நாலாவது சுற்றோ ஐந்தாவதோ, இவர்கள் பெட்டி உச்சிக்கு வந்த நேரம் பார்த்து ராட்டினம் நின்றது. கீழே ஆள் ஏற்றுகிறார்கள். பெட்டி காற்றில் முன்னும் பின்னும் ஆடியது. அடைக்கலத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் செபம், செபம் வந்தால் முக்காடு. சூசையபுரத்துப் பெண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா, கை தானாகப் போகும். தாவணித் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைகளைக் குவித்து, உதட்டை அசைத்தாள்.

பெருமாள் கோயில் திருவிழாவில், பூ வைத்த அத்தனை தலைகளுக்கும் மேலே, முக்காடு போட்ட ஒரே ஒரு தலை!

கீழே சாலையில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பஸ் நின்றது. அதன் ஜன்னலில் ஒரு குடைக் கைப்பிடியும் ஒரு வழுக்கையும் தெரிந்தன. வழுக்கை மெல்ல மேலே திரும்பியது. மிக்கேல் உபதேசியார்.

அடைக்கலம் குனிந்து பாப்பாத்தி மடியில் முகத்தைப் புதைத்தாள். பார்த்தாரா, பார்க்கவில்லையா? ராட்டினம் மறுபடி சுற்றியது. அது எப்போது நின்றது, எப்படி இறங்கினாள், ஒன்றும் நினைவில்லை.

பொய் சொன்ன கணக்குக்குச் சரியாகச் சாயங்கால பஸ்ஸில் இறங்கித் தெருவில் திரும்பினால், அவள் வீட்டு வாசலிலிருந்து உபதேசியார் இறங்கி வந்துகொண்டிருந்தார்! வைக்கோல்போருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அவர் குடையை ஆட்டிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போனார். படிப்பு முடிந்தது, ரிப்பன் போயிற்று, வைகாசியில் எவனோ ஒருத்தன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாள்.

அம்மா அடுப்படியில் இருந்தாள். திரும்பி மகளை ஒரு பார்வை பார்த்தாள். தாவணியில் ராட்டினத்து கிரீஸ் திட்டாக அப்பியிருந்தது அடைக்கலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. கையால் மறைத்துக்கொண்டாள்.

“உபதேசியாரு எதுக்கும்மா வந்தாரு?”

“ஓலை வெட்ட ஆள் வேணுமாம்.” அவ்வளவுதான் பதில். “மூஞ்சி ஏன் இப்புடிச் செவந்து கெடக்கு? தாவணிய அவுத்துப் போட்டுட்டுப் போயிப் படு. கசாயம் வைக்கிறேன்.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா.”

“படுன்னா படு.”

நிலவேம்புக் கசாயம், ஒரு சொம்பு. அம்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க, காய்ச்சலே இல்லாத உடம்புக்குள் அதைக் கடைசிச் சொட்டு வரை இறக்கினாள் அடைக்கலம். ஆண்டவர் அபராதத்தை உடனுக்குடன் அனுப்பிவிட்டார் என்றுதான் நினைத்தாள்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் குருத்தோலை கொடுத்துக்கொண்டிருந்த உபதேசியார் அவளிடம் ஓலையை நீட்டி, “இப்ப தேவலையாம்மா?” என்றார். என்ன கேட்கிறார் என்று விளங்காமல் தலையை ஆட்டிவைத்தாள். ரிப்பனைக் கேட்கவில்லை. அப்படியானால் பார்க்கவில்லை! ஒரு கண்டம் தாண்டியாயிற்று. இனி நன்மைதான் மிச்சம். எழுந்து போவதா, உட்காருவதா? 

அப்போது சாமியார் வெளியே வந்தார். என்றுமில்லாத வழக்கமாக, “பெரிய வாரம் தொடங்குது. பூசைக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பாவசங்கீர்த்தனம் கேட்கிறேன். வர்றவங்க வரலாம்,” என்றார். யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடைக்கலம் எழுவதற்குள் ஒருத்தி எழுந்து விறுவிறுவென்று போய் முதல் ஆளாக மண்டியிட்டாள். சவரியம்மாள்! வெள்ளிக்கிழமைதானே பண்ணினாள், அதற்குள் அம்மாவுக்கு என்ன பாவம்? அதை யோசிக்கவும் நேரமில்லை. அம்மா வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள். அடுத்து இவள்.

“ராட்டினம் ஏறுனேன் சாமி.”

“தெரியும். மனஸ்தாபம் வந்துச்சா?”

“தேடிப் பாத்தேன் சாமி. ராட்டினத்துக்கு வரவே மாட்டேங்குது.”

“அம்மாகிட்ட பொய் சொன்னதுக்கு?”

“அதுக்கு நெறைய இருக்கு சாமி.” தாவணித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அதப் புடிச்சுக்க. போதும்,” என்றார் சாமியார். அன்று கிராதியில் மண்டியிட்டு நாக்கை நீட்டியபோது, அவள் விழுந்து சாகவில்லை. படிப்பும் நிற்கவில்லை.

“என்னடி அங்க வேடிக்க?”

அம்மாவின் குரலில் அடைக்கலம் பஸ்ஸுக்குத் திரும்பி வந்தாள். சவரியம்மாள் செபமாலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். மகள் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். பஸ் கிளம்புகிற வழியாக இல்லை.

“எறங்கு,” என்றாள்.

“எங்கம்மா?”

“ராட்டினத்துக்குத்தான். நாஞ் சாவுறதுக்குள்ள ஒருக்கா ஏறிப் பாத்துப்புடணும்.”

“அம்மா, தவசுக்காலம்!”

“எனக்குத் தெரியாதா? எறங்குடி.”

பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். பெட்டியில் உட்கார்ந்து, குறுக்குக் கம்பி மாட்டி, டுப்பு டுப்பென்று மேலே ஏறியதும்தான் சவரியம்மாளுக்கு உயிர் நடுங்கியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கை தானாகப் போய் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடாகப் போட்டது.

அடைக்கலத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “முக்காட்ட எடும்மா. இந்தக் கூட்டத்துல நீ ஒருத்திதான் தனியாத் தெரியுற.”

“அன்னைக்கு உபதேசியாரும் அப்புடித்தாண்டி ஒன்னயக் கண்டுபுடிச்சாரு,” என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே.

ராட்டினம் கீழே பாய்ந்தது.  மறுபடி மேலே வரும் வரை அடைக்கலம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுமா ஒனக்கு?”

“ஒம் மக ராட்டினத்து மேல இருக்கான்னு வாசல்ல வந்து நின்னாரு. எம் மக காய்ச்சல்ல படுத்துக் கெடக்கா, இன்னைக்கு ஸ்கூலுக்கே போவல, நீங்க எவளயோ பாத்துட்டு எம் பொண்ணு மேல பழி போடுறீங்களான்னு சண்டைக்கே போயிட்டேன். மனுசன் மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. சொன்ன பொய்க்குக் கசாயமாச்சும் வைக்க வேணாமா?”

“என்னய ஒரு வார்த்த கேக்கலையேம்மா!”

“கேட்டா நீ ஆமாம்பே. ஆமான்னுட்டா படிப்ப நிறுத்தணும். சொன்ன சொல்லுல்ல?” அம்மா ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்தாள். தூரத்தில் சூசையபுரத்துக் கோபுரம் விரல் நுனியளவு தெரிந்தது. இன்னொரு கண்ணும் திறந்துகொண்டது. “அடியாத்தீ, நம்ம கோயிலு!”

அடைக்கலம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலைச்செடி பிடுங்கிக் காய்த்துப்போன கை. கண்ணாடி நனைந்து கோபுரம் அவளுக்குக் கலங்கலாகத் தெரிந்தது.

“அதுக்குத்தான் மறுநா பூசைக்கு முன்னாடி ஓடுனியா?”

“பின்ன? உபதேசியாருகிட்டயே பொய்யி. மனஸ்தாபம் இருக்கான்னு சாமியார் கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

ராட்டினம் உச்சியைத் தாண்டிச் சரியத் தொடங்கியது. சவரியம்மாள் முக்காட்டைத் தலையிலிருந்து தள்ளிவிட்டு, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

“இல்ல சாமின்னேன்!”