முதல் மேசையில் அப்பா

அலை வந்து கருங்கல்லில் மோதியதும் திவலைகள் ஜன்னல் வரைக்கும் பறந்துவந்து மேசைவிரிப்பை நனைக்கின்றன, யாரும் நாற்காலியை நகர்த்திக்கொள்வதில்லை, கோப்பைகளில் விளக்கு நடுங்குகிறது, காஸ்பார் குச்சியால் டிரம்ஸின் விளிம்பைத் தட்டித் தலையாட்டுகிறான், ரெஜின் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறாள், திறந்த வாயில் உப்புக்காற்றுதான் புகுந்தது, இன்று அவள் நின்றுகொண்டிருப்பது புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அவள் பாடிய ஷே அர்மான் ஓட்டல் இருந்த இடத்தில் இப்போது சுற்றுலா வருகிறவர்களுக்குச் சட்டையும் செருப்பும் விற்கிறார்கள். இருக்கட்டும். மதலேன் அக்காவின் நண்டு சூப் கடை போய்விட்டது, அந்த மணத்துக்கு நாக்கு ஊறிக்கொண்டே மாதாகோயில் வழிபாட்டில் உட்கார்ந்திருந்த ஞாயிறுகள் போய்விட்டன, பல கட்டைகள் ஒலிக்காத பியானோவை வைத்துக்கொண்டே ஊரை ஆடவைத்த கப்பித்தேன் என்கிற பார் புயலில் கூரை பறந்தபிறகு திறக்கவே இல்லை, மாடியில் நடனம் நடந்த நீலவிளக்கு கிளப்பை ஏன் மூடினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு வாசலையும் கடக்கும்போது அவளுக்குத் துக்கம் வருவதில்லை, இங்கே நான் பாடினேன், இங்கேயும் பாடினேன் என்று கழுத்து தானாக நிமிர்கிறது.

ஷே அர்மானில்தான் முதலில் பாடினாள், கிறிஸ்துமஸ் பூசையில் அவள் குரலைக் கேட்டுவிட்டு ஓட்டல் முதலாளி முசியே அர்மான் முத்தியால்பேட்டை வீட்டுக்கே வந்து கூப்பிட்டார், அப்பா சவரிராயன், மில்லில் தறி ஓட்டுகிறவர், கோயில்ல பாடற வாய் குடிக்கிறவன் முன்னால பாடணுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அதற்குப்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, தடுக்கவும் இல்லை, ஆனால் தெருவில் யாராவது பொண்ணு எங்க வேல செய்யுது சவரி என்றால் தையல் கத்துக்குது என்பார், கதவுக்குப் பின்னால் நின்று ரெஜின் அதைக் கேட்பாள், ஊரே கைதட்டுகிற குரல் அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் தையல் மெஷினாகிவிடுகிறது.

அது ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரர்களின் திருநாள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தாக்கள் மார்பு நிறையப் பதக்கங்களோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், பொழுது சாய்ந்து கடல் செம்பு நிறமாகிவிட்டது, ரெஜின் பிரெஞ்சுப் பாட்டின் நடுவில் இருக்கிறாள், வாசலில் வெள்ளை வேட்டியும் ஜிப்பாவும் தெரிகின்றன, கையில் குடை, அப்பா. காவல்காரர் குறுக்கே நிற்கிறார், பெருசு, வேட்டி கட்டிகினு உள்ள போவக்கூடாது. நான் தண்ணி போட வரல தம்பி, பாட்டு கேக்க வந்தேன். அதெல்லாம் வெளிய நின்னு கேளு. அப்பா சண்டை போடவில்லை, சரி என்று தலையாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார், அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை, பாட்டு அப்படியே நின்றுபோனது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், அர்மான் ஓடிவந்தார், இன்னாச்சு ரெஜின், பாடு. வாசல்ல நிக்கறவரு எங்கப்பா முசியே, அவரு உள்ள வந்தாத்தான் அடுத்த வரி வரும் என்றாள், மைக் திறந்திருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது. சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல, இன்னிக்கி யார்யார் வந்துகீறாங்க பாரு. பாத்துட்டுத்தான் சொல்றேன். மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினாள், இந்த மேடை இனி தனக்கு இல்லை என்று தெரிந்தேதான் இறங்கினாள், பின்னால் காஸ்பார் குச்சிகளைக் கீழே வைக்கிற சத்தம், அப்புறம் கித்தார் நின்றது, அர்மான் அவளைப் பார்த்தார், ஊமையாகிப்போன மேடையைப் பார்த்தார், கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு நேராக வாசலுக்குப் போனார், வாங்க ஐயா என்று அப்பாவின் கையிலிருந்த குடையைத் தானே வாங்கிக்கொண்டு முதல் மேசைக்கு அழைத்துவந்து நாற்காலியை இழுத்துப்போட்டார். போகிற போக்கில் அவள் காதருகே, நாளைக்கிப் பேசிக்கிறேன் என்றார், அந்த நாளை வரவே இல்லை, அவர் பிரான்சுக்குக் கப்பலேறுகிற வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வேட்டி கட்டியவர்களை அதன்பின் யாரும் அங்கே தடுக்கவும் இல்லை.

மறுபடி மேடையேறி விட்ட வரியிலிருந்து பாடினாள், அப்படி அவள் அதற்குமுன் பாடியதில்லை, அப்பா பூசையில் உட்காருவதுபோல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பாட்டு முடிந்து கூடமே கைதட்டியபோது அவர் தட்டவில்லை, எழுந்து நின்றார், சுவிசேஷம் வாசிக்கும்போது மட்டும்தான் அவர் அப்படி நிற்பார்.

வீட்டுக்கு நடக்கிறார்கள், கடல் கூடவே வருகிறது, அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பாட்டுக்கு இன்னாம்மா அர்த்தம் என்றார். எனக்கும் தெரியாதுப்பா, கிராமபோன் பிளேட்டக் கேட்டு மனப்பாடம் பண்ணேன். அப்பா நின்றுவிட்டார், அர்த்தம் தெரியாமயா அந்த வெள்ளக்காரம்மா கண்ணத் தொடச்சிகிச்சி என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார், அவளும் சிரித்தாள், தெருமுனை வந்தும் சிரிப்பு ஓயவில்லை, எதிர்வீட்டு அமலோற்பவம் அக்கா படியில் உட்கார்ந்தபடி, இன்னா சவரி, அப்பனும் பொண்ணும் எங்க போய்ட்டு வர்றீங்க என்றாள். ரெஜின் தலையைக் குனிந்துகொண்டாள், தையல் என்கிற சொல்லுக்காகக் காத்திருந்தாள். அர்மான் ஓட்டல்ல எம் பொண்ணு பாடுச்சி, கேட்டுட்டு வர்றேன் என்று கடைசி வீடுவரை கேட்கிறமாதிரி அப்பா சொன்னார், சொல்லிவிட்டு உள்ளே போனவர், போதாதென்று மறுபடி வெளியே வந்தார், பிரெஞ்சுல, என்றார், அர்த்தமெல்லாம் கேக்காதே, நீயே ஒருநாள் வந்து கேளு.