தாய் குடிபெயர்ந்த வரலாறு

குளிர்நாட்டு நகரொன்றின் வில்லரேப் பகுதியில் குடியிருந்த கிருபானந்தன், தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தலைக் காத்து வந்தார். தம் அகதி விண்ணப்பத்துக்குரிய கடிதங்களைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. போத்தலின் அடியில் சந்தனக் குழம்பின் நிறத்தில் பியர் மண்டி படிந்திருக்கும். பள்ளிக்கூடப் புத்தகங்கள் அதனை மதுவம் என்னும்; கடைக்காரர் ஈஸ்ற் என்பர்; வீட்டில் பியர் வடிப்போரோ ‘தாய்’ என்றே மரியாதையாக அழைத்தனர். மால்ற் என்னும் முளைத்தானியப் பாணி கரைத்த நீரில் சிறிதளவு தாயை விட்டால் அது பொங்கி நுரைத்துச் சில வாரங்களில் பியராகிவிடும். அடியில் படிவதை எடுத்து வைத்தால் அதுவே மீண்டும் தாய்.

இந்தத் தாயின் பிறந்தகம் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. அங்குள்ள விவசாயக் கல்லூரியில் தரை துடைத்து வந்த மட்டக்களப்பு நீக்கிலாப்பிள்ளை, பியர் வடிக்கும் மாணவன் ஒருவனுக்கு ஒரு பொதி மீன் கட்லட் கொடுத்து இதனை மாற்றாகப் பெற்றார். பாதியைக் கிருபானந்தனுக்குப் பங்கிட்டார். மாணவன் படிப்பை முடித்துக்கொண்டு ஊர் போய்விட்டான். கடைப் பொட்டலத்து ஈஸ்ற் தூளில் வடித்த பியரோ, வாயில் வைத்தவரின் முகத்தைக் கோணச்செய்தது. ஆகவே நண்பர் இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். ஒருவருடைய தாய் இறந்தால் மற்றவர் தம்முடையதிற் பங்கு கொடுக்க வேண்டும். வாங்க வருபவர் தம் கடைசி வடிப்பில் ஒரு போத்தல் கொண்டுவர வேண்டும்.

எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில் நீக்கிலாப்பிள்ளையின் தாய் வெடித்தாள். மனைவி அஞ்சலீனாவுக்கு வாசம் எட்டாதிருக்கட்டும் என்று அவர் மூடியை இறுக்கிவிட்டார். உள்ளே சேர்ந்த வாயு போத்தலைப் பிளந்து, ஆட்டிறைச்சிக் கறிக்கும் கோழி முட்டைகளுக்கும் அபிஷேகம் செய்துவிட்டது. மூடியை இறுக்கிய மடையன் என்று கிருபானந்தன் தொலைபேசி உள்ள வீடெல்லாம் அறிவித்து மகிழ்ந்தார். “என்ரை பெட்டி வங்கி மாதிரி. வந்து எடுத்துக்கொண்டு போம்” என்று பெருந்தன்மையும் காட்டினார்.

நீக்கிலாப்பிள்ளையின் மகளுக்கு அடுத்த மாதம் ஞானஸ்நானம். பங்கு மக்கள் அனைவருக்கும் பியர் தருவதாக அவர் வாக்களித்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, வெற்றுச் சாடியோடு அவர் வந்து நின்றார். கிருபானந்தன் பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டு வெறுமையாயிருந்தது.

“இஞ்சை இருந்த போத்தல் எங்கையப்பா?”

“கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறன். கண் தெரியேல்லையோ?” என்றாள் மனைவி புஷ்பராணி.

“உள்ளுக்கை இருந்தது?”

“முந்தநாள் கோயிற்சபைக்காரர் வந்தவையெல்லே? அப்பத்துக்கு விட்டன். கள்ளுக் கிடையாத ஊரிலை மாவைப் பேந்து எதைவிட்டுப் புளிக்க வைக்கிறதாம்? தலைவர் சிவநேசந்தான் எல்லாரிலும் கூடச் சாப்பிட்டவர்.”

சிவநேசம் கோயில் கட்டுவதற்காக அமைந்த சபையின் தலைவர். கூட்டந்தோறும் மதுவின் தீமைபற்றி அரைமணி நேரம் பேசாமல் அவர் தேவாரம் தொடங்கியதில்லை.

நீக்கிலாப்பிள்ளை நாற்காலியில் விழுந்து சிரித்தார். “மூடிய இறுக்கின நான் மடையன். தாயச் சுட்டுத் தின்னக் குடுத்தவன் ஆரு மச்சான்?” சிரித்து முடிந்ததும் அவர் முகம் வாடியது. “ஞானஸ்நானத்துக்கு நான் சனத்துக்கு என்னத்தக் குடுக்கிற?”

கிருபானந்தன் கவிழ்த்திருந்த போத்தலை எடுத்து அதன் வாயை முகர்ந்து பார்த்தார்.

“ஏன் அழுறியள்?” என்றாள் புஷ்பராணி. “புளிச்ச மாவிலை ஒரு கோப்பை, கமலாவதியக்கா தன்ரை மாவைப் புளிக்க வைக்க உறைக்கெண்டு கொண்டுபோனவ.”

கமலாவதி, தலைவரின் மனைவி. தாய் அப்பொழுது வாழ்ந்துகொண்டிருந்தது மதுவிலக்கின் மூலஸ்தானத்தில்!

இருவரும் ஓடோடிச் சென்றனர். அங்கே விளக்கு எரிந்தது; சாம்பிராணி மணந்தது; அடுப்பில் அப்பச்சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

“அக்கா, மாவிலை கொஞ்சம் உறைக்குத் தருவியளே?” என்று கிருபானந்தன் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை, விளக்கும் வைச்சாச்சு. இப்ப உறை குடுத்தால் லட்சுமியும் அதோடை வெளிக்கிட்டிடுவா, தம்பி. இருங்கோ, முழுக்கச் சுடப்போறன். சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

கரண்டி நிறைய மா சட்டியை நோக்கிச் சென்றது.

“சுடாதேங்கோ அக்கா!” என்று கிருபானந்தன் அலறினார்.

அலறல் கேட்டுச் சுவாமியறையிலிருந்து சிவநேசம் வெளியே வந்தார். இருவரையும் மேலுங்கீழும் பார்த்தார்.

“சும்மா குடுத்தாத்தான் லட்சுமி போவா. பண்டமாத்தெண்டால் குற்றமில்லை. மாத்துக்கு என்ன கொண்டு வந்தனீங்கள்?”

ஒப்பந்தப்படி தாம் கொண்டுவந்திருந்த போத்தலை நீக்கிலாப்பிள்ளை மேலங்கியினுள்ளிருந்து எடுத்து நீட்டினார்.

“இதென்ன?”

“வந்து... ஒரு சத்துப் பானம், ஐயா” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

தலைவர் மூடியை நீக்கி முகர்ந்தார். கண்களை மூடினார். நெடுநேரம் திறக்கவில்லை.

“முந்தநாள் அப்பத்திலை மணந்தது இதுதான்” என்றார். “கள்ளுத் தவறணைக்குப் பக்கத்து வீட்டிலை பிறந்து வளர்ந்தவன் நான். கள்ளின்ரை மணம் எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்?”

“அப்ப லட்சுமி போகமாட்டாவோ?” என்று கமலாவதி கவலைப்பட்டாள்.

“பண்டமாத்தெண்டு சொன்னனெல்லே? அவைக்கு அரைக் கோப்பை குடு. மிச்சத்தைச் சுடாதை, பெட்டியிலை வை. இவையின்ரை பெட்டியளை நம்பேலாது. ஒண்டு வெடிக்குது, மற்றது அப்பமாகுது.”

அரைக் கோப்பை மாவைச் சீனித் தண்ணீரில் கரைத்து வைத்தபோது, மறுநாட் காலையே தாய் நுரைத்தெழுந்தாள். ஞானஸ்நானப் பியரில் மெல்லிய அப்ப வாசம் வீசியது. பங்கு மக்கள் அதனை ஏதோ உயர்ந்த ஐரோப்பியச் சரக்கென்று கருதி, எந்த நாட்டது என்று விசாரித்தனர்.

அடுத்த சபைக் கூட்டம் தலைவர் வீட்டில் நடந்தது. மதுவின் தீமைபற்றி அவர் அன்று முக்கால் மணி நேரம் பேசினார். நடுவே தொண்டை வறண்டு, “கிருபானந்தன், தண்ணி எடுத்துவாரும்” என்றார். கிருபானந்தன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். கீழ்த்தட்டில், மோர்ச் சட்டிக்குப் பின்னால், அடியில் சந்தன நிற மண்டியோடு ஒரு போத்தல் இருந்தது. தொட்டுப் பார்த்தார். மூடி இறுக்கப்பட்டிருக்கவில்லை.