பேர் கூப்பிட்டால் வரும் சிக்னல்

மூணாறு பக்கம் பள்ளிவாசல் ஊருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்தில் வைஃபை சிக்னல் காலை ஏழரைக்கு வேலைக்கு வந்து மாலை நாலரைக்குப் போய்விடும், ஞாயிறு லீவு. முன்பெல்லாம் அது தன் இஷ்டத்துக்கு வந்து போனது. லயத்தில் இருந்தபடி ஆன்லைனில் வேலை தேடிய ஆர்த்தியின் கம்ப்யூட்டர் மூணாறில் ஒரு லாட்ஜ் கழித்துப் போட்டது. எஸ்டேட் ஆபீஸ் பெரிய மனசு பண்ணி லயத்துக்கும் விட்டிருந்த வைஃபையை அது ஒற்றைக் கோட்டில்தான் பிடித்தது. மேசையை ஜன்னலோரம் போட்டார்கள். இரும்பு பீரோவை வாசலுக்குத் தள்ளினார்கள். வைஃபை பிடிக்கும் அடாப்டரை நீள ஒயரில் மாட்டி, பின்னால் மாவுச் சல்லடையை நிறுத்தினார்கள். இரண்டு கோடு ஆனது. மூடுபனி இறங்கியதும் அதுவும் போனது.

ஆர்த்தியின் அம்மா சுருளியம்மாளுக்கு மார்ச்சில் ரிட்டயர்மென்ட். அதற்கப்புறம் எஸ்டேட் வீடு கையில் தங்க வேண்டுமானால் மகள் கொழுந்து கிள்ளப் பேர் கொடுக்க வேண்டும். வெளியே வேலை கிடைத்தால் இருவரும் வாடகைக்குப் போய்விடலாம். அந்தக் கவலையில், ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் சுருளியம்மாள் ஒருநாள் வெடித்தாள். “அண்ணே, அந்தச் சிக்னல் சனியனையும் பேரேத்திக் கூப்பிடுங்க. அப்பயாச்சும் நேரத்துக்கு வருதான்னு பாப்போம்.” சூப்பர்வைசர் பெரியமுத்துவுக்கு விளையாட்டுப் பேச்சு புரியாது. கடைசிப் பேருக்குக் கீழே எழுதிக் கூப்பிட்டார். அந்த நிமிஷமே ஆர்த்தியின் கம்ப்யூட்டரில் ஐந்து கோடும் ஏறின. அன்றிலிருந்து அது ஒருநாளும் பிந்தியதில்லை. எஸ்டேட்டில் அப்படிச் சொல்லும்படி வேறு ஆள் கிடையாது.

பிப்ரவரியில் கொச்சிக் கம்பெனி ஒன்று ஆன்லைன் பரீட்சை வைத்தது, ஞாயிறு பத்து மணிக்கு. பெரியமுத்து எட்டு மணிக்கே பெரட்டுக் களத்தில் தனியாக நின்று சிக்னலை மட்டும் கூப்பிட்டுப் பார்த்தார். வரவில்லை. அதில் தப்பும் இல்லை. ஒருத்தரும் இல்லாத பெரட்டுக்கு எவர்தான் வருவார்? சுருளியம்மாள் வீடு வீடாகப் போய் நின்றாள். துவைக்கப் போட்ட துணியை அப்படியே விட்டு மூக்கம்மாள் முதலில் கூடையோடு வந்தாள். “இன்னிக்கு நிக்கிறோம். நாளைக்கு ஒருத்தியும் வரமாட்டோம், சொல்லிப்புட்டேன்” என்றாள் பெரியமுத்துவிடம். நாற்பத்தொரு பெண்கள் மழையில் வரிசை கட்டினார்கள். கடைசிப் பேரைக் கூப்பிட்டதும் லயத்திலிருந்து ஆர்த்தி “வந்துருச்சு” என்று கத்தினாள். சுருளியம்மாள் எல்லார் முன்னாலும் அழுதாள். ஆட்கள் கலைந்தால் அதுவும் கலைந்துவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பரீட்சை முடியும்வரை நனைந்துகொண்டே கொழுந்து கிள்ளினார்கள்.

திங்கட்கிழமை யாரும் வேலைக்கு வரவில்லை, சிக்னலும் வரவில்லை. ஆர்த்திக்கு வேலை கிடைத்த கடிதத்தைக் கொச்சியில் அன்று காலையே அனுப்பியும், லயத்துக்கு அது செவ்வாய் ஏழரைக்குத்தான் வந்து சேர்ந்தது. ஒருநாள் பிந்தியதற்காக யாரும் சிக்னலைக் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதுவும் வேலை பார்த்திருக்கிறது.